பதினான்காம் ஷெட்டும் அதை மறைத்த பேனரும்

ஜூலை 1, திங்கள்

என் பட்டறையைத் துணி போட்டு மறைக்கப் போகிறார்கள். இது அநியாயம். முதலில் அதை எழுதி வைத்துவிட்டு மற்றதற்குப் போகிறேன்.

செங்காட்டுப்புதூர் தொழிற்பேட்டைக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம் நிற்கும் முதல் கட்டடம் என்னுடையது. ஷெட் எண் பதினான்கு. முதலில் நிற்பதற்கு எதற்குப் பதினான்கு என்று கேட்பவர்களுக்கு: எண் போட வந்த ஆள் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டான். அப்போதே மனு கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை.

பேட்டைக்குப் பின்னால் உயர்தொழில்நுட்பப் பூங்கா என்று புதிதாக ஒன்று அமைத்திருக்கிறார்கள். தார்ச்சாலை, விளக்குக் கம்பம், வட்டமான புல்தரை எல்லாம் இருக்கிறது; கம்பெனிதான் இல்லை. அந்தக் குறை தீர, டென்மார்க்கிலிருந்து ஒரு நிறுவனம் இடம் பார்க்க வருகிறது. காதுக்குள் வைத்துக்கொள்ளும் கேட்புக் கருவியும் அதற்குள் போகும் நுண்ணிய பாகங்களும் செய்பவர்கள். அவர்கள் வந்தால் பின்னாலேயே வேறு சிலரும் வருவார்கள் என்று பேச்சு. பக்கத்து மாநிலத்தில் நிலத்தைச் சும்மாவே தருகிறோம் என்று அவர்களைக் கூப்பிடுகிறார்களாம். இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் ஜெர்மன் லேத்தின் கையேட்டை அகராதி வைத்துப் படித்து, யாரையும் கேட்காமல் ஓட்டியவன். வெளிநாட்டு முதலீடு இந்தப் பக்கம் வர வேண்டும் என்று பேட்டைச் சங்கக் கூட்டத்தில் முதன்முதலில் எழுந்து சொன்னவனும் நான்தான். சிரித்தார்கள்.

பூங்காவுக்குப் போகும் ஒரே சாலை என் பட்டறை வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆகவே வருகிறவர்கள் கண்ணில் என் ஷெட் படக்கூடாது என்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. சாலையோரம் சாரக்கம்பு நட்டு, கூரை உயரத்துக்கு பேனர் கட்டப் போகிறார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்த விதத்தையும் எழுத வேண்டும். கைப்பேசியில் ஒரு செய்தி. காது குத்துக்குக்கூட வீட்டு வாசலில் வந்து நின்று, "வாங்க" என்று வாயால் சொல்லி அழைக்கிற ஊர் இது. நான் போகவில்லை.

சங்கத் தலைவர் தெய்வசிகாமணி. நிர்வாகச் செயலாளர் கலாமணி. செயலாளர் என் மகள். அதனால் இந்த விஷயத்தில் எந்த மாற்றமும் இல்லை. இந்தக் குறிப்புகளில் அவரைச் செயலாளர் என்றே எழுதுவேன்.

ஜூலை 2, செவ்வாய்

வீட்டு மோட்டாரில் வாஷர் மாற்றினேன். தண்ணீர் நன்றாக ஏறுகிறது. செயலாளர் மாலையில் காப்பி குடிக்க வந்தார். பேசவில்லை.

ஜூலை 3, புதன்

செயலாளரின் வீடு அடுத்த தெருவில் இருக்கிறது. வேலை முடிந்து போகும் வழியில் தினமும் அம்மாவைப் பார்க்க வருவார். இன்று வந்து, நான் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே என் மனைவி ராமாத்தாளிடம் சொன்னார்:

"அம்மா, பேனர் கட்ட பதினஞ்சாந்தேதி வருவாங்கன்னு அப்பா காதுல போட்டு வையி."

"ஏனுங், பதினஞ்சாந்தேதி வர்றாங்களாமா."

"என்ற எடத்துல ஒரு கம்பு நடக்கூடாதுன்னு சொல்லு."

"நடுறது ரோட்டோரத்துல. அது சங்கத்து எடம்னு சொல்லும்மா."

"ஏனுங், அது சங்கத்து எடமாமா."

"எனக்குக் காது கேக்குது!"

"கேக்குதுன்னா அப்பனும் மகளும் நேராப் பேசிக்க வேண்டீதுதான? என்னைய எதுக்கு நடுவுல நிக்க வெக்கறீங்க? அங்க அடுப்புல பருப்பு தீயுது" என்று ராமாத்தாள் உள்ளே போய்விட்டாள்.

நாங்கள் இருவரும் எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். போகும்போது செயலாளர் ஏதோ கேட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். பிறகு ராமாத்தாள் சொன்னாள்: "பிரஷர் மாத்தர இருக்குதான்னு கேட்டா."

பருப்பு தீயவில்லை. நன்றாகவே இருந்தது.

ஜூலை 5, வெள்ளி

டீக்கடையில் தலைவர் சிகாமணியைப் பிடித்தேன். பம்பு கம்பெனி வைத்து, முகப்பு முழுக்கக் கண்ணாடி பதித்த பிறகு அவன் டீக்கடைக்கு வருவதே அபூர்வம்.

"மாரண்ணா, கோவிச்சுக்காதீங். ஊட்டுக்கு ஒரம்பரை வர்ற அன்னிக்கு, கிழிஞ்ச பாயச் சுருட்டி உள்ள வெக்கறதில்லீங்களா?"

"என்ற பட்டற கிழிஞ்ச பாயாடா?"

"பட்டறயச் சொல்லலீங்ணா. அந்தக் கூரைதானுங்..."

கூரையைப் பற்றி அவன் மேற்கொண்டு சொன்னது இங்கே தேவையில்லை.

வருகிறவர்கள் ஆடி இரண்டாம் தேதி வருகிறார்கள் என்பது அவனுக்கு வேறு கவலை. "ஆடீல பொண்ணுப் பாக்கவே போகமாட்டோமுங். இதுல போயி தொழில் பேசறதான்னு எவ்வளவோ சொன்னேன். டென்மார்க்குல ஆடி இல்லீங்ண்ணான்னுட்டு உங்க மக போனை வெச்சுடுச்சு."

நான் சிரித்ததாக அவன் சொல்லித் திரிவான். டீ புரையேறியது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவன் சொன்னது இன்னும் விசேஷம். அன்று பேட்டை முழுவதுக்கும் விடுமுறையாம். சாலையில் எண்ணெய்க் கறை, மொபெட், டெம்போ, சத்தம் எதுவும் இருக்கக்கூடாதாம்.

"ஏண்டா சிகாமணி, பொண்ணுப் பாக்க வர்ற அன்னிக்குப் பொண்ண பஸ் ஏத்தி அனுப்பிட்டு, வீட்டுச் சுண்ணாம்ப மட்டும் காட்டுவியா?"

"நீங்க எல்லாத்துக்கும் ஒரு பேச்சுப் பழமை வெச்சிருப்பீங்" என்று எழுந்து போய்விட்டான். என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருந்தான். அதற்காக நான் விட்டுக்கொடுக்க முடியாது.

ஜூலை 8, திங்கள்

கையில் இருக்கும் வால்வு வேலை நகர்கிறது. எங்கள் பேட்டையில் ஒரு வேலை ஒரே கூரையின் கீழ் முடிவதில்லை. கடைசல் எங்களிடம். துளை போட ஒன்பதாம் ஷெட்டுக்குப் போகும். பல் வெட்ட மூன்றுக்கு, முலாம் பூசக் கடைசி வரிசைக்கு. வெள்ளியங்கிரி மொபெட்டின் முன்னால் ட்ரேயை வைத்துக்கொண்டு சுற்றி வருவான். அவன் என் லேத் ஆள். இருபது வயதில் வந்தவன், இப்போது அவனுக்குப் பேத்தி இருக்கிறாள்.

ஒன்பதாம் ஷெட் துரைசாமியோடு நான் நான்கு வருடமாகப் பேசுவதில்லை. சாக்கடை விஷயம். வேலை மட்டும் போகும், வரும். அவன் போடும் துளையில் குறை சொல்ல முடியாது. எவ்வளவோ முயன்று பார்த்தேன்.

ஜூலை 10, புதன்

தென்மேற்குச் சாரல். கூரை ஒழுகவில்லை. இதையெல்லாம் வேறு யாரும் எழுதி வைக்க மாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன். அந்த அஸ்பெஸ்டாஸ் தகடுகளை நானே ஏறி, நானே முடுக்கினேன்.

அதன் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று செயலாளர் மூன்று வருடமாகச் சொல்கிறார். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் அந்தக் கூரையின் கீழ் கால் வைக்கவும் மாட்டார்களாம். நான் இத்தனை வருடமாக அங்கேதான் மூச்சு விடுகிறேன். வெள்ளியங்கிரி இருமுவது பீடியால்.

ஜூலை 12, வெள்ளி

வெள்ளியங்கிரியிடம் பீடியை விடச் சொன்னேன். பேத்தி பிறந்த அன்றே விட்டுவிட்டானாம். பேத்தி இப்போது பள்ளிக்குப் போகிறாள்.

எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூலை 15, திங்கள்

பேனர் எழும்பிவிட்டது. கம்பு நட்டதெல்லாம் சாலையோரத்தில்தான்; நூல் பிடித்துப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடம், மேலே நீலவானம், கீழே தலைக்கவசம் அணிந்த ஆணும் பெண்ணும் எதையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்த ஊர் முகம் இல்லை. நடுவே ஆங்கிலத்தில், "எதிர்காலம் இங்கே தொடங்குகிறது". அந்த "இங்கே" சரியாக என் லேத்துக்கு நேரே வருகிறது.

பின்பக்கம் வெறும் வெள்ளை. சாயங்கால வெயில் உள்ளே அடிக்காமல் இருப்பது நல்லதுதான். வெள்ளியங்கிரி துண்டு காயப்போட்டான். ஒரு ஆடும் வந்து நிழலில் படுத்துக்கொண்டது. விரட்டவில்லை.

கட்டியவர்கள் வெளியூர்க்காரர்கள். பேனரில் ஒரு காற்றோட்டைகூடப் போடவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று எப்படி வரும் என்று இங்கே பிளெக்ஸ் அடிக்கிற பொடிப்பையனுக்குத் தெரியும். அரைவட்டமாக வெட்டி விடுவான். காற்று மடலைத் தள்ளிக்கொண்டு போய்விடும். சொல்ல வேண்டியது என் வேலை அல்ல. என்னை யாரும் கேட்கவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

காற்று வந்துவிட்டது. பேனர் கப்பல் பாய் மாதிரி உப்பி, கம்புகள் முனகின. ஒரு கயிறு அறுந்தது. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். சில மதியங்கள் நன்றாக அமைந்துவிடுகின்றன.

மாலை செயலாளர் வந்தார். காப்பியைத் தொடவில்லை. அம்மாவிடம் பேசினார். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு வருசம் தொங்கிட்டு இருந்தேம்மா. அவிய கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதி எழுதி... இதுவும் போச்சுன்னா, இந்தப் பேட்டைக்கு இன்னொருத்தன் வரமாட்டான். புதுசா ஒண்ணும் வரலன்னா இருக்கற ஷெட்டும் ஒண்ணொண்ணா குடோனாப் போயிரும். அப்பறம் நான் அந்த நாற்காலீல எதுக்கு உக்காரணும்?"

"எல்லாம் வருங் கண்ணு. காப்பி ஆறுது பாரு."

செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். சின்ன வயதிலும் அப்படித்தான், பரீட்சை சமயத்தில் வாய் கொஞ்சம் திறந்திருக்கும். மின்விசிறியைக் குறைத்து வைத்தேன். கரண்ட் வீணாகக் கூடாது.

ஜூலை 17, புதன். ஆடி முதல் நாள்

விடிந்ததும் பட்டறைக்குப் போய் வந்தேன். பெல்ட் தோல் வெட்டும் கத்தி மழுங்கிவிட்டது. முழங்காலில் வலி, ஏணி பழசு.

பகல் முழுக்க நேற்றைவிடக் காற்று. பேனர் நின்ற இடத்தில் நிற்கிறது.

ஜூலை 18, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பேட்டைக்கு விடுமுறை. எனக்கு யாரும் நேரில் வந்து விடுமுறை சொல்லாததால் நான் வழக்கம்போல் போனேன். வெள்ளியங்கிரியும் வந்தான். லேத்தை மட்டும் ஓட்டவில்லை. பெல்ட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் பேட்டை இப்படி அமைதியாக இருந்து நான் கண்டதில்லை. எழவு வீட்டில்கூட யாராவது இருமுவார்கள்.

பத்து மணிக்குப் பிறகு இரண்டு கார்கள் வந்தன. பேனருக்கு முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, பொட்டு வைத்தார்கள். படம் எடுக்க அதுதான் நல்ல இடம் என்று சிகாமணி திட்டம். வந்தவர்கள் மூன்று பேர். தலைமை ஒரு அம்மா, பெயர் பிர்கிட்டே. அறுபது வயது இருக்கும். தட்டைச் செருப்பு, நரைமுடி. பிறகு செயலாளர் பேச ஆரம்பித்தார்.

காற்று எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக நான் பேனருக்குப் பின்னால் போய், ஓட்டை ஒன்றின் அருகில் நின்றேன். மடலைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டால் காதுக்கும் வசதி. செயலாளர் ஆங்கிலத்தில் தடங்கல் இல்லாமல் பேசினார். தண்ணீர் பற்றி, மின்சாரம் பற்றி, விமான நிலையம் பற்றி. கையில் காகிதம் இல்லை. நன்றாகப் பேசினார் என்று எழுதுவதால் எனக்கொன்றும் குறைந்துவிடாது.

காது வைத்த பிறகு கண்ணும் வைத்தேன். அதுதான் தவறாகப் போய்விட்டது. அந்த ஓட்டை பேனரின் முன்பக்கம் எங்கே வருகிறது என்று நான் யோசிக்கவில்லை. கண்ணாடிக் கட்டடத்தின் கீழ்மாடி ஜன்னலில் வருகிறது.

அந்த அம்மா செயலாளரின் பேச்சை நிறுத்தி, கை நீட்டி ஏதோ சொன்னார். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்: "உங்கள் எதிர்காலம் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறது" என்றாராம்.

நான் நகர்வதற்குள் அவர் பேனரின் ஓரத்தைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்துவிட்டார். பின்னால் கலாமணி. அவளுக்குப் பின்னால் சிகாமணி, "மேடம், திஸ் சைட் நோ, மேடம்" என்று கூவிக்கொண்டே வந்தான். ஆடு எழுந்து ஓடியது.

நான் என் வாசலில் நின்றேன். ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே என் லேத், துடைத்து வைத்தது, வெளிச்சத்தில் தெரிந்தது. இந்த நாளுக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று எழுத மாட்டேன். "வாங்க" என்றேன். அது தானாக வந்துவிடும். மின்சாரத்தைத் துண்டிக்க வந்தவனுக்கும் இந்த வாசலில் அதைச் சொல்லி, மோர் கொடுத்த பிறகுதான் துண்டிக்க விட்டிருக்கிறேன்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். இன்னும் நாலு எட்டு வைத்தால் கூரையின் கீழ் வந்துவிடுவார். கலாமணியின் முகத்தைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

நான் கையை எட்டி ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டேன். காலியான பேட்டையில் அந்தச் சத்தம் கடைசி வரிசை வரை போய்த் திரும்பி வந்தது.

"கெஸ்ட், வெல்கம். ரூஃப், நோ" என்றேன்.

அந்த அம்மா கலாமணியைப் பார்த்தார். நான் தமிழிலேயே சொன்னேன்: "கூரை அஸ்பெஸ்டாஸுங். அதுக்கடீல நீங்க வரக்கூடாது. ஆனா வாசல் வரைக்கும் வந்துட்டு, தண்ணி குடிக்காமப் போகவும் கூடாது. அம்மிணி, சொல்லு."

கூரையை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியாது. கலாமணி முழுவதையும் சொன்னாள். சிகாமணி தலையில் கை வைத்து, "போட்டு ஒடச்சுட்டீங்களே மாரண்ணா!" என்றான். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

பேனரின் பின்பக்க நிழலில் இரண்டு நாற்காலி, ஒரு முக்காலி, கவிழ்த்த ட்ரே ஆகியவற்றைப் போட்டோம். ராமாத்தாள் கொடுத்துவிட்ட மோரை வெள்ளியங்கிரி எல்லோருக்கும் ஊற்றினான். முதலில் என் வலது பக்கம் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, நான் இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டதும் நாற்காலியை இடது பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டார். வெயிலுக்காக இருக்கும். அதன் பிறகு அவர் பேசியதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

எல்லாக் கதவும் ஏன் சாத்தியிருக்கிறது என்று கேட்டார்.

"உங்களுக்காகத்தானுங்" என்றேன்.

"க்ளீன், மேடம். ஒன்லி க்ளீன்" என்றான் சிகாமணி.

அந்த அம்மா சிரிக்கவில்லை. இங்கே யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், காலி நிலம் எங்கள் ஊரிலும் இருக்கிறது என்றார். கலாமணி அதைத் தமிழில் சொன்னபோது சங்கத்துக்காரர்கள் அவரவர் டம்ளருக்குள் பார்த்தார்கள்.

ஒரு வேலை இங்கே எப்படி ஷெட் ஷெட்டாகச் சுற்றும் என்று நான் சொன்னேன். சாத்திய கதவுகளைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். ஒன்பதாம் ஷெட் வந்தபோது, அதன் சொந்தக்காரன் மாலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான்.

"இவன் துரைசாமி. துளை போடறதுல இவனாட்ட ஆள் இந்தச் சுத்துவட்டாரத்துல இல்லீங்."

துரைசாமி தட்டைக் கீழே வைத்தான். "என்னையங்களா சொன்னீங்?"

"வேற யாரச் சொல்லுவாங்க? சாக்கடை விசயம் வேற. அதப் பொறவு பேசிக்கலாம்."

பிறகு அவர்கள் பூங்காவைப் பார்க்கப் போனார்கள். புல்தரையைச் சுற்றிவிட்டுச் சீக்கிரமே திரும்பிப் போய்விட்டார்களாம்.

மோர் பத்தவில்லை. ராமாத்தாளிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 19, வெள்ளி

டீக்கடையில் இரண்டு கட்சி. நான் பேட்டையைக் கெடுத்துவிட்டேன் என்று ஒன்று, காப்பாற்றிவிட்டேன் என்று மற்றது. வடை சூடாக இருந்தது.

மாலை ஆறு மணிக்குச் செயலாளர் வந்தார். அம்மாவை நடுவில் வைக்காமல் நேராகக் கேட்டார்:

"பேனர்ல ஓட்ட போட்டது நீங்கதானுங்ப்பா?"

"காத்து."

"காத்துக்கு அளவெடுத்து அரைவட்டமா வெட்டத் தெரியுமா?"

"இந்த ஊர்க் காத்துக்குத் தெரியும்."

என் முழங்காலைப் பார்த்தார். தைலம் எங்கே என்று அம்மாவிடம் கேட்டார்.

அவர் போன பிறகு ராமாத்தாள் ஒரு விஷயம் சொன்னாள். சங்கக் கூட்டத்தில் முதலில் பேசியது பேனரைப் பற்றி அல்லவாம். நம் கூரையைக் காட்டி நோட்டீஸ் கொடுத்து, ஷெட்டையே காலி செய்ய வைப்பது என்று பேச்சாம். காலி செய்ய வைக்க வேண்டாம், அந்த ஒரு நாளைக்கு மறைத்துக்கொள்ளலாம் என்று எழுந்து நின்று வாதாடியது கலாமணியாம். விடுமுறை வேண்டாம் என்று கை தூக்கியதும் அவள் ஒருத்திதானாம்.

"இத்தன நாளா ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"கூட்டத்துக்குப் போயிருந்தா தெரிஞ்சிருக்குமுங். வாசல்ல வந்து அழைக்கலைன்னு இங்கதான உக்காந்திருந்தீங்க."

அழைப்பு முறைப்படி இல்லை என்பதில் என் கருத்து மாறவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

வெள்ளியங்கிரியை நெஞ்சுப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். படம் எடுத்தார்கள். பழைய சளி, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தூசியில் நிற்கக்கூடாது என்றார் டாக்டர். திரும்பும்போது பேத்திக்கு மிட்டாய் வாங்கினான். ஒன்று எனக்கும் கொடுத்தான். தேங்காய் மிட்டாய்.

ஜூலை 23, செவ்வாய்

புதுவகைத் தகடு விலை விசாரித்தேன். சும்மா விசாரித்தேன்.

ஜூலை 26, வெள்ளி

டென்மார்க்கிலிருந்து பதில் வந்துவிட்டது. கலாமணி மத்தியானமே ஓடி வந்து, ஷட்டருக்கு வெளியே நின்றபடி கைப்பேசியைப் பார்த்துப் படித்தாள். மூச்சு வாங்கியது. நான் லேத்தை நிறுத்தச் சொன்னேன். எதிர் ஷெட் மெஷினும் தானாக நின்றது.

இங்கே வருகிறோம் என்று எழுதவில்லை. வரமாட்டோம் என்றும் எழுதவில்லை. ஆவணியில் மறுபடி வருகிறார்களாம், வேலை நடக்கும் நாளில். இந்த முறை பொறியாளர்களும் வருகிறார்கள். முதல் நாள் பழைய பேட்டையை மட்டும் நடந்து பார்க்க வேண்டுமாம், பூங்கா மறுநாள். "கூரையைப் பற்றி எங்கள் ஆட்கள் கண்டுபிடிப்பதற்கு முன் தானே சொன்னவர் அந்தப் பெரியவர், கூரை முறைப்படி மாற்றப்பட்டிருந்தால் அவருடைய பட்டறையிலிருந்து தொடங்க விரும்புகிறோம்" என்று ஒரு வரி.

"இன்னொருக்காப் படி" என்றேன்.

"காது கேக்கலீங்களா?"

"கேட்டுச்சு. இன்னொருக்காப் படி."

படித்தாள். வெள்ளியங்கிரி ட்ரேயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் கண்ணில் தூசி.

சிகாமணி வந்தான். நின்றான். "மாரண்ணா, உள்ள வரலாமுங்களா?" என்றான்.

"கூரை மாத்தற வரைக்கும் வெளியவே உக்காரு. வா."

ஜூலை 28, ஞாயிறு

இன்று மாலை கலாமணி வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல் நேராக அடுப்படிக்குப் போகாமல் வாசற்படியிலேயே நின்றாள். கையில் தட்டு, வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம். "நாளன்னிக்குச் சங்கக் கூட்டமுங்ப்பா. நீங்க அவசியம் வரோணும். வாங்க" என்றாள். ராமாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நான் தட்டை வாங்கிக்கொண்டேன். முறை என்றால் இதுதான் முறை.

கூட்டத்தில் நான் சொல்லப்போவதை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆவணியில் அவர்கள் வரும் நாளில் ஒரு ஷெட்டும் சாத்தியிருக்கக் கூடாது. மொபெட் ஓட வேண்டும், டெம்போ நிற்க வேண்டும், எண்ணெய் எங்கே சிந்துமோ அங்கே சிந்தட்டும், துடைத்தால் போதும். இதற்குப் பொறுப்பு சிகாமணி.

ஒன்பதாம் ஷெட் முன்னால் தேங்கும் சாக்கடையைச் சரிசெய்ய வேண்டியவர் துரைசாமி. கல் தூக்கிக் கொடுக்க நான் போவேன். தவறு அவன் பக்கம்தான்.

மோர், ஒரு பெரிய பானை. ராமாத்தாள். வாசலுக்கு வருகிறவர்களைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல வேண்டியது ஒவ்வொரு ஷெட்டுக்காரரும். இதைக் கைப்பேசியில் அனுப்பக்கூடாது.

ஷெட்டுகளுக்கு வாசலிலிருந்து எண் போடுவது சங்கத்தின் வேலை. மனு ஏற்கெனவே கொடுத்திருக்கிறேன்.

கூரையைப் பிரிப்பதற்கு, அதற்கென்று முகமூடியும் உடுப்பும் அணிந்து வரும் ஆட்கள். தகட்டை நனைத்து, உடைக்காமல் இறக்க வேண்டும். ஆள் ஏற்பாடு கலாமணி. செலவு மாரப்பன், அதாவது நான். நான் ஏணியில் ஏறக்கூடாது என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள், பார்க்கலாம். அந்த நாட்களில் வெள்ளியங்கிரி பேத்தியோடு வீட்டில் இருக்க வேண்டியவன். சம்பளம் உண்டு.

எனக்குக் காது பரிசோதனை என்று ராமாத்தாள் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறாள். சேர்த்திருக்கிறேன். முடிவெடுக்கவில்லை.

பேனரை அவிழ்க்க வேண்டியது சங்கம். அவிழ்த்ததை வீணாக்கக் கூடாது. புதுக் கூரை ஏறும் வரை லேத்தின் மேல் மழை படாமல் மூட எனக்கு அது வேண்டும். அதிலுள்ள ஓட்டைகளை ஒட்டித் தர வேண்டியது காற்று. காற்றுக்குச் சௌகரியப்படாவிட்டால், நான்.